மொட்டை மாடியில் பேட்மேன் எடுத்தால் வரும் கோளாறுகளும் வைத்தியமும்

மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒன்பது நிமிட பேட்மேன் படம் ஒன்று எடுத்தோம். ஒரு ஃபோன், இரண்டு மொட்டை மாடி, ஒரு கார் ஷெட். மொத்தச் செலவு 22,000 ரூபாய். அதில் பாதி பரோட்டாவுக்கும் பெட்ரோலுக்கும் போனது. அந்தப் படத்தில் நாங்கள் செய்யாத தப்பே கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது சூப்பர் ஹீரோவை வைத்து ரசிகர் படம் (ரசிகர்களே சொந்தமாக எடுக்கிற படம்) எடுத்து மாட்டிக்கொண்டால் எனக்கு ஃபுட்டேஜ் அனுப்புகிறார்கள். "எடிட்டிங்கில் சரி பண்ணிவிடலாம்ல?" என்பதுதான் எல்லாரும் கேட்பது. பெரும்பாலும் முடியாது. எடிட்டிங்கில் தெரிகிற கோளாறு தையல் கடையில் பிறந்திருக்கும், இல்லையென்றால் லைட் வைத்த இடத்தில், அதுவும் இல்லையென்றால் ஃபோன் செட்டிங்கில். அதனால் அறிகுறியைத் தலைப்பாகப் போட்டு, காரணம் எங்கே கிடக்கிறது என்று எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதைப் படித்தால் போதும்.

டிரஸ் போட்டதும் ஹீரோ மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரி இருக்கிறார்

முதலில் ஒரு சோதனை. டிரஸ்ஸோடு அவரை நிற்க வைத்து ஒரு ஃபோட்டோ எடுத்து, அதைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். கருப்பு வெள்ளையில் கம்பீரமாக இருந்தால் குற்றம் நிறத்தில். சாயம் தூக்கலாக இருக்கிறது. அதிலும் கேவலமாக இருந்தால் குற்றம் துணியிலோ வெளிச்சத்திலோ இருக்கிறது.

துணி என்றால் பெரும்பாலும் பளபளப்புதான். லைக்ரா துணியில் ஒரு பக்கம் மினுக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். டெய்லரிடம் கொடுத்தால் அவர் வழக்கம்போல மினுக்கும் பக்கத்தை வெளியே வைத்துத் தைத்துவிடுவார். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. போட்டுப் பார்த்தால் நீச்சல் போட்டிக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தான். பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைக்கச் சொன்னதும் பாதி நோய் போய்விட்டது.

மீதிப் பாதி, புதுசு என்பது. கடையிலிருந்து வந்த மடிப்போடு ஒருத்தன் ஊரைக் காப்பாற்றினால் யார் நம்புவார்கள்? முட்டி, முழங்கை, தோள் ஓரங்களில் உப்புத்தாளை லேசாகத் தேயுங்கள். கரும்பழுப்பு அக்ரிலிக் பெயிண்டில் தண்ணீர் நிறையக் கலந்து மடிப்புகளில் பூசி, காய்வதற்குள் பழைய துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் அழுக்கு தங்கும், மேட்டில் துணியின் நிறம் தெரியும். பத்து நிமிட வேலை. டிரஸ்ஸுக்குப் பத்து வருட வயது கூடிவிடும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான்: நேர் எதிரே லைட் வைக்காதீர்கள். முன்னாலிருந்து விழும் வெளிச்சம் ஒவ்வொரு தையலையும் காட்டிக்கொடுக்கும். ஹீரோவுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு எல்.இ.டி. வையுங்கள், தோளும் தலையும் கோடு போட்ட மாதிரி பிரிந்து தெரியும். முன்பக்கத்துக்கு, அந்த வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மோகோல் அட்டை போதும்.

"ஹீரோவுக்கு உடம்பு இல்லையே" என்று கேட்பவர்களுக்கு மாலேகானைத்தான் காட்டுவேன். மகாராஷ்டிரத்தில் விசைத்தறிகள் நிறைந்த அந்த ஊரில் நாசிர் ஷேக் குழுவினர் எடுத்த சூப்பர்மேன் படத்துக்கு ஹீரோ ஒல்லியான ஒரு விசைத்தறித் தொழிலாளி. படம் உருவான கதையை ஃபைசா அகமது கான் 2008-ல் ஆவணப்படமாக எடுத்தார். அந்த உடம்பை அவர்கள் மறைக்கவே இல்லை, கதையே அதன்மேல்தான் நிற்கிறது. உங்கள் படம் சீரியஸ் என்றால் உள்ளே ஃபோம் வைத்துத் தைக்கலாம். ஆனால் தோளுக்கும் மார்புக்கும் மட்டும் வையுங்கள். வயிற்றில் "சிக்ஸ் பேக்" வெட்டி ஒட்டினால் உட்காரும்போது மடங்கி, அப்பளம் மாதிரி நொறுங்கித் தெரியும்.

கவசத்தில் பெயிண்ட் வெடித்து உரிகிறது

ஃபோம் ஷீட்டில் நேரடியாகப் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். ஃபோம் பெயிண்டைக் குடிக்கும், வளையும், வெடிக்கும். முதலில் ஹாட் ஏர் கன்னால் மேற்பரப்பை லேசாகச் சூடு காட்டி இறுக்குங்கள். அப்புறம் வெள்ளைப் பசையில் அதே அளவு தண்ணீர் கலந்து மூன்று கோட்டிங், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அதன்மேல்தான் பெயிண்ட். துண்டுகளை ஒட்ட, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் சொல்யூஷன் நல்லது. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய விட்டு, அப்புறம் அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் மதிய வெயிலில் பிளந்துகொள்ளும். இந்தச் சொல்யூஷன் வாடை தலையைக் கிறுகிறுக்க வைக்கும். மாடியில் வைத்தே வேலை பாருங்கள்.

முகமூடிக்குள்ளே யாரோ ஒளிந்திருக்கிற மாதிரி தெரிகிறது

முகமூடியின் கண் ஓட்டைக்கும் கண்ணுக்கும் நடுவே தோல் ஒரு வளையமாகத் தெரியும். அதுதான் காட்டிக்கொடுக்கிறது. ஹாலிவுட் பேட்மேன்களும் அங்கே கருப்பு மேக்கப் போட்டுக்கொண்டுதான் நடித்தார்கள். நமக்குக் கண் மை இருக்கிறது. கண்ணைச் சுற்றிப் புருவம் வரை பூசி, அதன்மேல் முகமூடியை மாட்டுங்கள். கழற்றத் தேங்காய் எண்ணெய். எங்கள் ஹீரோ ஒரு நாள் கழுவ மறந்து அப்படியே பஸ் ஏறிவிட்டான். பக்கத்து சீட்டுப் பாட்டி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

கழுத்து திரும்பவில்லையா? திருப்ப வேண்டாம். 1989-ல் வந்த பேட்மேன் படத்தில் ஹீரோ மைக்கேல் கீட்டனுக்கும் அந்த முகமூடியில் கழுத்து திரும்பாது. அவர் மார்போடு சேர்ந்து திரும்பினார், அதுவே ஸ்டைலாகிவிட்டது. அதன்பின் வந்த படங்களில் கழுத்து தனியாகத் திரும்புகிற உடை 2008-ன் 'தி டார்க் நைட்' படத்தில்தான் வந்தது. உங்கள் ஹீரோவையும் தோளோடு திரும்பச் சொல்லுங்கள், ஆனால் மெதுவாக. வெடுக்கென்று திரும்பினால் கழுத்துச் சுளுக்கு வந்த ஆள் மாதிரி இருக்கும்.

வசனம் குழறலாகக் கேட்டால் மல்லுக்கட்டாதீர்கள். முகமூடி போட்டுப் பேசிய எல்லாவற்றையும் டப்பிங் செய்யுங்கள். பேட்மேனாக இருந்தால் தாடைதான் தெரியும், உதட்டசைவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் போகும். ஸ்பைடர்மேனாக இருந்தால் உங்களுக்கு அடித்தது யோகம், வாயே தெரியாது.

முதுகில் தொங்கும் கேப் (மேலங்கி) பறக்கவில்லை, ஈரத் துண்டு மாதிரி தொங்குகிறது

கனமான வெல்வெட் வாங்கியிருப்பீர்கள். நிற்கும் காட்சிக்கு அது சரி, ஓடும் காட்சிக்கு லேசான துணியில் இன்னொன்று வேண்டும். இரண்டு கேப் தைப்பது வீண் செலவு மாதிரி தோன்றும், தைத்துவிடுங்கள். பெடஸ்டல் ஃபேன் ஒன்று கீழிருந்து மேலாக. அதுவும் போதவில்லை என்றால் கேப்பின் இரண்டு முனையிலும் தூண்டில் நரம்பு கட்டி, ஃபிரேமுக்கு வெளியே இரண்டு பேர் ஆட்டட்டும்.

சண்டையில் அடி விழுகிற மாதிரியே இல்லை

எனக்கு வருகிற ஃபுட்டேஜில் பாதி இந்தக் கேஸ்தான். நிதானமாகப் பார்ப்போம்.

சவுண்டை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். கைக்கும் முகத்துக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? அப்படியானால் கேமரா நின்ற இடம் தப்பு. இரண்டு பேரையும் பக்கவாட்டில் வைத்துக் காட்டினால் ஒரு சாண் இடைவெளியும் பள்ளத்தாக்கு மாதிரி தெரியும். ஒருவரின் தோளுக்குப் பின்னால் போங்கள், அதாவது நம் சினிமாக்காரர்கள் சொல்கிற சஜஷன் ஷாட். குத்து, கேமராவுக்கும் வாங்குபவரின் முகத்துக்கும் குறுக்கே கடக்க வேண்டும். அப்போது கை ஒரு அடி தள்ளிப் போனாலும் பட்ட மாதிரியே இருக்கும். அகல லென்ஸ் வேண்டாம். ஃபோனில் 2எக்ஸ் வைத்துக்கொண்டு நீங்கள் பின்னால் போனால் தூரம் சுருங்கித் தெரியும்.

இடைவெளி தெரியவில்லை, ஆனாலும் போலியாக இருக்கிறதா? அப்படியானால் வாங்குபவரைப் பாருங்கள். சண்டையில் நடிக்க வேண்டியது அடிப்பவர் இல்லை, அடி வாங்குபவர். கை முகத்தைக் கடக்கும் அதே நொடியில் தலை திரும்ப வேண்டும். புதியவர்கள் கையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள், அதனால் தாமதமாகும். சிலர் பயத்தில் முன்கூட்டியே திரும்பிவிடுவார்கள். வாய்விட்டு எண்ணுங்கள்: "ஒண்ணு" என்றால் கை பின்னால் போகும், "ரெண்டு" என்றால் குத்தும் தலையும் சேர்ந்து. எண்ணுகிற சத்தம் போனால் போகட்டும், எப்படியும் ஒலியை மாற்றத்தான் போகிறீர்கள். எங்கள் வில்லன் பதினெட்டு டேக் வாங்கினான். பத்தொன்பதாவதில் ஹீரோ நிஜமாகவே தொட்டுவிட்டான். அந்த டேக்தான் படத்தில் மிக மோசமாக இருந்தது, நாங்கள் பயன்படுத்தவில்லை. நிஜ அடி கேமராவில் ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நெட்டில் எடுத்த ஒரே "டிஷ்யூம்" பத்து தடவை வருகிறதா? ஈரத் துண்டைச் சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தால் வயிற்றுக் குத்து. முருங்கைக்காயை முறித்தால் எலும்பு. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்குள் ஃபோனை நீட்டிப் பதிவு செய்யுங்கள், எதிரொலி இருக்காது. இரண்டு மூன்று ஒலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி கேட்கும். எங்கள் வீட்டில் அன்று சாம்பார் முருங்கைக்காய் இல்லாமல்தான் வந்தது.

வேகம் மட்டும் குறைவாகப் பட்டால் எடிட்டிங்கில் அந்தத் துண்டை 108 அல்லது 110 சதவீதம் ஓட்டுங்கள். அதற்கு மேல் போனால் கேப் அசைவது காட்டிக்கொடுத்துவிடும், படம் காமெடி ஆகிவிடும். அடி விழும் இடத்தில் ஒன்றிரண்டு ஃபிரேமை வெட்டி எடுப்பதும் உதவும்.

பறக்கும் ஹீரோ ஸ்டூலில் படுத்திருப்பது தெரிகிறது

குப்புறப் படுத்தால் வயிறு தொங்கும், கால் தாழும், முகம் சிவக்கும். எனவே படுக்க வைக்காதீர்கள். உயரமான ஸ்டூலில் நேராக நிற்க வைத்து, இடுப்புக்கு மேல் மட்டும் ஃபிரேம் வைத்து, கீழிருந்து வானத்தைப் பின்னணியாக்கி எடுங்கள். ஃபோனைச் சாய்த்துப் பிடித்து, ஃபோனை நகர்த்துங்கள். வெறும் வானத்தில் எது மேலே எது கீழே என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் கம்பி ஒன்று உள்ளே வந்தால் மட்டும் குட்டு உடைந்துவிடும்.

சுவர் ஏறுவதற்கு இன்னும் எளிய வழி. 1966 பேட்மேன் டி.வி. தொடரில் ஹீரோ இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக் கட்டடத்தில் ஏறுவார்களே, அது தரையில் போட்ட செட். கேமராவைத் தொண்ணூறு டிகிரி சாய்த்து எடுத்தது. கேப் "கீழே" தொங்க வேண்டும் என்பதற்காக நூல் கட்டி இழுத்தார்கள். உங்கள் மாடித் தரை அதே வேலையைச் செய்யும். கழுத்துச் சங்கிலி, தலைமுடி, நெற்றி வியர்வை, மூன்றையும் கவனியுங்கள். எங்கள் ஷாட்டில் ஹீரோவின் சாமி டாலர் சுவரை நோக்கித் தொங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தோம், எல்லாரும் அதைத்தான் கவனித்தார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இடுப்பில் கயிறு கட்டி மாடியிலிருந்து இறக்குவது, கைப்பிடிச் சுவர்மேல் நிற்க வைப்பது இரண்டும் வேண்டாம். சினிமாவில் ரோப் கட்டுவது அதற்கென்றே பழகிய ஆட்கள் செய்கிற வேலை. தரையில் இரண்டடி உயரத் திட்டில் நிற்க வைத்து, ஃபோனைத் தரையோடு வைத்து, பின்னால் வானம் மட்டும் தெரிய எடுத்தால் அது இருபதாவது மாடிதான்.

கிரீன் மேட் எடுத்த பிறகு ஓரமெல்லாம் பச்சையாக, ரம்பம் மாதிரி இருக்கிறது

ஆளுக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டி எடுத்து, எடிட்டிங்கில் அந்தப் பச்சையை நீக்கி வேறு பின்னணி வைப்பதுதான் கிரீன் மேட். இதில் இரண்டு நோய் சேர்ந்திருக்கிறது. பச்சை ஒட்டியிருப்பது தூரம் போதாததால் வருவது. ஹீரோ துணிக்கு அருகில் நின்றால் பச்சை வெளிச்சம் அவர்மேல் திரும்பி விழும், லைக்ரா என்றால் இன்னும் மோசம். குறைந்தது ஆறேழு அடி தள்ளி நிறுத்தி, துணிக்கு இரண்டு லைட், ஆளுக்குத் தனி லைட் வையுங்கள்.

ரம்பம் ஃபோனால் வருவது. சாதாரண ஃபோன் வீடியோவில் வெளிச்ச விவரம் ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும், நிற விவரம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் இருக்கும். கிரீன் மேட் நீக்குவது முழுக்க நிறத்தை வைத்துச் செய்கிற வேலை. ஓரம் பிசிறடிக்காமல் என்ன செய்யும்? 4கே-யில் எடுத்து, பச்சையை நீக்கி, 1080-க்குச் சுருக்குங்கள். ஓரம் எவ்வளவோ சுத்தமாகும். இந்த ஷாட்டுகளுக்கு மட்டும் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை) 1/100 நொடியாக வைத்தால் கை வீசும்போது வரும் மங்கலும் குறையும்.

துணி விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். விலை மலிவு என்று லைனிங் துணி வாங்கினோம். அது மினுக்கும், பின்னால் இருக்கிற செங்கல் சுவரும் தெரியும். கெட்டியான, மினுக்காத காட்டன் வாங்கி, இஸ்திரி போட்டு, இழுத்துக் கட்டுங்கள். ஹீரோவின் உடையே பச்சை என்றால் நீலத் துணிக்கு மாறுங்கள்.

திரையில் கருப்புக் கோடுகள் ஓடுகின்றன

கரண்ட் வேலை இது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னுகிறது. ஃபோன் தானாக ஷட்டரை மாற்றும்போது அந்த மின்னலோடு மோதுகிறது. ஃபோன் கேமராவின் ப்ரோ மோடில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலும் இதே கணக்குதான். கனடாவிலோ அமெரிக்காவிலோ எடுத்தால் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60. ஸ்லோமோஷனை ட்யூப்லைட்டில் எடுத்துவிட்டு யாரிடமும் வைத்தியம் கேட்காதீர்கள். அதை வெயிலில் எடுங்கள்.

ஆரம்பத்தில் உதடும் வசனமும் சரி, போகப் போக விலகுகிறது

ஃபோன்கள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை, வெளிச்சமும் சூடும் மாறும்போது கூட்டிக் குறைக்கும். எடிட்டிங்கில் போடுவதற்கு முன்னால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கிளிப்பையும் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே பாதி எடிட் முடித்துவிட்டீர்கள் என்றால் அனுதாபங்கள்.

இரவுக் காட்சியில் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள் ஆடுகின்றன

வெளிச்சம் போதாமல் ஃபோன் ஐ.எஸ்.ஓ.-வை (வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றிவிட்டது. 800-க்கு மேல் போகாமல் பூட்டி, குறைகிற வெளிச்சத்தை லைட்டால் கொடுங்கள். அல்லது இரவில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்ததும் வானம் கருநீலமாக இருக்குமே, அந்த நேரத்தில் எடுத்தால் திரையில் நள்ளிரவு. நம் ஊர்ப் பக்கம் அது இருபது நிமிடம் சொச்சம்தான் நிற்கும், அதனால் மதியமே ஒத்திகை முடித்திருக்க வேண்டும். தரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தெருவிளக்கு அதில் பட்டு மின்னினால் பேட்மேனின் ஊரான கோதம் நகரமே வந்துவிடும்.

கூட்டம் கூடுகிறது, போலீஸ் வருகிறது

பொம்மைத் துப்பாக்கிதான் காரணம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பொம்மை என்று தெரியாது. ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், டேக் முடிந்ததும் பையில் போடுங்கள். வேஷம் போடாத ஒருவர் பேசுவதற்கென்றே நிற்கட்டும். முகமூடியோடு போய் விளக்கம் சொல்லாதீர்கள். தனியார் மாடி என்றால் இந்தத் தொல்லை இல்லை. ட்ரோன் பறக்க விடுவதாக இருந்தால் ட்ரோன் விதிகள் 2021-ன்படி உங்கள் இடம் பச்சை, மஞ்சள், சிவப்பில் எந்த மண்டலம் என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்லோட் செய்த மறுநாள் காப்பிரைட் நோட்டீஸ்

நோட்டீஸைப் பதறாமல் படியுங்கள். பெரும்பாலும் அது ஹீரோவுக்காக வந்திருக்காது, பின்னணி இசைக்காக வந்திருக்கும். இசையை மாற்றினால் தீர்ந்தது. தெரிந்த பையன் ஒருவன் தானே போட்ட மெட்டைக் கீபோர்டில் வாசித்துக் கொடுத்தால் போதும், வேறு யாரும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது.

ஹீரோவுக்காகவே வந்திருந்தால் வாதாடப் பெரிதாக இடமில்லை. "லாப நோக்கமில்லை" என்று தொடக்கத்தில் போட்டால் தப்பித்துவிடலாம் என்பது நம்பிக்கை, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி என்று சிலவற்றுக்கு விலக்கு தருகிறது, ரசிகர் படம் என்று எதுவும் அதில் இல்லை. பேட்மேன் முதலில் வந்தது 1939-ல், அமெரிக்காவில் அந்த முதல் கதையின் உரிமையே 2034 முடியும்வரை இருக்கிறது. உரிமையாளர்கள் பொறுத்துக்கொள்வதால்தான் ரசிகர் படங்கள் ஓடுகின்றன. விளம்பர வருமானத்தை அணைத்து வையுங்கள், டி-ஷர்ட் விற்காதீர்கள், பெரிதாக நிதி திரட்டாதீர்கள். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் உரிமையாளர்கள் 2016-ல் ரசிகர் படங்களுக்கு விதி போட்டபோது ஒரு கதைக்கு 15 நிமிடம், இரண்டு பாகம் என்றால் 30, திரட்டும் பணம் 50,000 டாலருக்குள் என்று வைத்தார்கள். அது வேறு வீட்டுச் சட்டம்தான், ஆனால் எங்கே பொறுமை முடிகிறது என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும்.

பார்க்கிறவர்கள் நான்காவது நிமிடத்தில் ஃபோனை எடுக்கிறார்கள்

படம் நீளம். சாண்டி கொலோரா 2003-ல் எடுத்த, இன்றும் பேசப்படுகிற பேட்மேன் ரசிகர் படமே எட்டு நிமிடம்தான். ஹீரோவின் பெற்றோர் சாகும் காட்சியை வெட்டுங்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

பாதிப் படத்தில் ஹீரோ கைவிட்டுப் போய்விட்டார்

எங்கள் ஹீரோவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. மிச்சம் இரண்டு காட்சி. வேறு படமாக இருந்தால் அதோடு மூட்டை கட்டியிருக்க வேண்டும், இங்கே முகமூடி இருக்கிறது. உயரமும் தாடையும் பொருந்துகிற ஆளைத் தேடினோம், டெய்லர் அண்ணனின் தம்பி கிடைத்தார். ஷூவுக்குள் இரண்டு அட்டை வைத்து உயரத்தைச் சரிசெய்தோம். முதுகு, நிழல், தூரத்து ஷாட் என்று பிரித்து எடுத்து, குரலுக்குப் பெங்களூரிலிருந்து வாய்ஸ் நோட் வாங்கி ஒட்டினோம்.

மாடியில் வேட்டியைக் கட்டி, வாடகை புரொஜெக்டரில் படத்தைப் போட்டோம். தெருவே பார்த்தது, யாருக்கும் தெரியவில்லை. ஆறாவது நிமிடத்தில் பேட்மேன் தூரத்தில் நடந்து போகிற ஷாட் வந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹீரோவின் அம்மா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். "இது எம்புள்ள நடை இல்லையேப்பா."